நடத்தாத தேர்வுக்கு அறுபத்திரண்டு மதிப்பெண்

கணக்கைக் கசப்பின்றிக் கற்பித்த கனிவே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகம் சுளிக்காது உழைத்த மூத்தவரே! இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய கணித ஆசிரியர் பாலகோபால் ஐயா அவர்களே!

எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோமா என்று எங்களுக்கே ஐயம். தாங்கள் பணியில் சேர்ந்தது 1964-ஆ, அடுத்த ஆண்டா என்பதில்கூட இருவர் இருவிதமாகச் சொன்னோம். ஆனால் 1993-இல் நடந்தது பற்றி எங்களுள் இரு கருத்தில்லை.

ஒவ்வொரு ஜூனிலும் பத்தாம் வகுப்பு தங்கள் கைக்கு வந்த அன்றே, அந்தப் பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பதிவேட்டைக் கேட்டு வாங்குவீர்கள். வடிவியல் வராதவர் யார், இயற்கணிதத்தில் இடறுபவர் யார் என்று நோட்டில் பிரித்தெழுதி, குழுக் குழுவாகக் காலை எட்டு மணிக்கே தனி வகுப்பு நடத்துவீர்கள்.

“ஏனுங்க, புள்ளைகளுக்கு ஜாதகம் எழுதறீங்களா?” என்று கேலி செய்வார் தமிழாசிரியர் அமீர் ஹம்சா.

“ஆமாங்க, உங்களுதும் எழுதித் தரட்டுங்களா?” என்று எழுதிக்கொண்டே கேட்பீர்கள்.

1993 ஜூனில் தாங்கள் வாங்கிய பதிவேடு, ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியர் கந்தப்பன் எழுதியது. அதற்கு முந்தைய பிப்ரவரியில் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றதும், நடத்தாத இயற்கணிதத் தேர்வுக்கு ஒரே மாலையில் நாற்பத்தொரு பேருக்கும் அவர் மதிப்பெண் போட்டிருந்தார். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒருவரையும் தோல்வியாக்கவில்லை. நாங்களும் அவரவர் பாடத்துக்கு அப்படித்தான் செய்தோம். தாங்கள் அந்தப் பதிவேட்டை நம்புவீர்கள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நாற்பத்தொரு பேரில் அன்புச்செல்வி என்ற பெண்ணுக்கு விழுந்தது அறுபத்திரண்டு. ஆகவே இயற்கணிதக் குழுவில் அவள் பெயர் இல்லை. வலிய வந்து கேட்கிற பெண்ணும் அல்ல. பொதுத்தேர்வில் அந்தக் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு முப்பத்தொன்று வாங்கினாள்; தேறுவதற்கு நான்கு குறைவு. வீட்டார் மில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முடிவு வந்த அன்று ஆசிரியர் அறையில் தாங்கள் சொன்னீர்கள்: “புள்ள மேல தப்பில்லீங்க. நாந்தான் தப்பாக் கணிச்சுப்போட்டேன்.”

கந்தப்பன் சொல்ல வாயெடுத்தார். எதிரே தலைமையாசிரியர் இருந்தார். டீ ஆறிப் போகும்வரை டம்ளரையே பார்த்திருந்தார் கந்தப்பன். நாங்களும் பேசவில்லை. அந்த ஜூனில் தாங்கள் பதிவேடு கேட்கவில்லை. தனி வகுப்பும் நின்றது. அதற்குப் பின் மூன்று ஆண்டுப் பிள்ளைகள் அது இல்லாமலே படித்துப் போனார்கள்.

ஐயா, தங்கள் முறையில் பிழையில்லை. நாங்கள் தந்த எண்கள் பொய். இதை இந்த மடலில் எழுதி எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும் என்று கேட்டவர் கந்தப்பனே. சென்ற வாரம் அன்புச்செல்வியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். “இப்பச் சொல்லி என்னங்க சார் பண்றது? ஷிப்டுக்கு நேரமாச்சுங்க” என்றாளாம்.

நோயின்றி, நிம்மதியான உறக்கத்தோடு தாங்கள் நெடுநாள் இருக்க வேண்டும். அந்த உறக்கத்தை மூன்று ஆண்டுகள் கெடுத்தவர்கள் வாழ்த்துகிறோம்.

அமீர் ஹம்சா மாற்றலாகிக் கோபிசெட்டிபாளையம் சென்றுவிட்டார். வரும் ஜூனில் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கந்தப்பன் ஏற்கிறார். அன்புச்செல்வி மில்லில் இருக்கிறாள். தேர்வை மறுபடி எழுதவில்லை.

இங்ஙனம்,
உடன் பணியாற்றிய ஆசிரியர்கள்
கோயம்புத்தூர் மாவட்டம், 31.5.1997