மூன்றாவது வரி

மணி ஆறே முக்கால். குளிர்காலம், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியார்கள் குடியிருப்புக்கு ஒரு மைல். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆள் நடந்து வருகிறார். தோளில் பை. பைக்குள் புல்லாங்குழல்.

அவர் என் சிநேகிதனின் அக்கா புருஷன். அவன் 'அத்தான், அத்தான்' என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அத்தான் ஆகிவிட்டார். கடல் தாண்டிப் போய்க் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவர். இதை அவர் வாயாலேயே கேட்டேன். அதனால் நடுவில் யாரும் 'சும்மா அளக்காதே' என்று ஆரம்பிக்க வேண்டாம். கரண்ட் வரும்வரை நமக்கும் வேறு வேலை இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அத்தானுக்கு அந்த ஊரில் இருந்ததே இரண்டு சந்தோஷம். ஒன்று, வியாழக்கிழமை சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டதும் வெளிநாட்டிலிருந்து வந்த வாத்தியார்கள் மூன்று பேர் ஆய்வுக்கூடத்தில் கூடுவார்கள். கெமிஸ்ட்ரி வாத்தியார் கிடார். டிரில் மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார். அத்தான் குழல். மூன்று பேருக்கும் வேறு வேறு தாய்மொழி. அதனால் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். யாராவது தப்பாக வாசித்தால் மேஜையில் இரண்டு தட்டு. எல்லோரும் நிறுத்த வேண்டும். தட்டியவர் அந்த வரியை மெதுவாக வாசித்துக் காட்டுவார். தப்பு செய்தவர் திருப்பி வாசிப்பார். கோபதாபம் கிடையாது.

இன்னொரு சந்தோஷம், மகள். நாலு வயது. அவளுக்கென்று இவரே கட்டிய தாலாட்டு ஒன்று, நாலே வரி. வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. தினமும் ஏழு மணிக்குப் போன் போட்டு வாசிப்பார். அங்கே ஏழு என்றால் இங்கே குழந்தை படுக்கும் நேரம். அவள் நடக்க ஆரம்பித்ததை இவர் பார்க்கவில்லை. பேச ஆரம்பித்ததையும் போனில்தான் கேட்டார். "இந்த நாலு வரிய விட்டா எனக்கும் அவளுக்கும் நடுவுல வேற எதுவும் இல்லப்பா," என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அன்றைக்கு அந்த ரோடு முடியும் இடத்துக்கு வந்திருப்பார்... குழல் சத்தம். குடியிருப்புப் பக்கமிருந்து. அவருடைய தாலாட்டு.

நின்று கேட்டார். மூச்சு போதாத வாசிப்பு. பாதி இசை, பாதி வெறும் ஈரக் காற்று. முதல் வரி சரி. இரண்டாவது வரி சரி. மூன்றாவதில் வழுக்கிவிட்டது... மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் வழுக்கல்.

பக்கத்து அறைக்குப் புதிதாக யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்தார். சுவர் மெல்லிசு, தினமும் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். நீங்களோ நானோ என்றால் போய்க் கதவைத் தட்டி 'யாருங்க' என்று கேட்டிருப்போம். இவர் வாத்தியார் ஆயிற்றே. தப்பைக் கேட்டால் கை சும்மா இருக்குமா? தன் அறைக்குள் நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் இரண்டு தட்டு.

சத்தம் நின்றது.

மூன்றாவது வரியை மெதுவாக வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம்... பிறகு அதே வரி. பிசகில்லாமல்.

"ம்... அப்படித்தான்," என்றார் அத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிஷம்தான்.

ஒரு வாரம் பாடம் நடந்தது. எங்கே மூச்சு விடுவது, எங்கே இழுப்பது, எல்லாம் சுவர் வழியாக. பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்குக் கணக்கு நடத்துவது செவிடன் காதில் ஊதிய சங்கு. இங்கே ஒரு தடவை காட்டினால் போதும். இப்படி ஒரு மாணவன் கிடைத்த சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் யாரென்று பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையாம்.

அடுத்த வியாழக்கிழமை இதைப் பெருமையாகச் சொன்னார். கெமிஸ்ட்ரி வாத்தியார் கிடாரைக் கீழே வைத்தார். அது ஆள் இருக்கும் அறையே இல்லை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறை என்றார்.

காவல்காரரிடம் சாவி வாங்கி, மூன்று பேரும் அன்றைக்கே போய்த் திறந்தார்கள். தரையிலிருந்து கூரைவரை பெஞ்சுகள். ஒரு ஆள் நிற்க இடமில்லை. தூசியில் ஒரு கால் தடம் இல்லை. ஊறப்போட்டு மறந்துபோன துணியின் வாடை. டார்ச்சை அடித்துப் பார்த்தபோது அத்தானின் அறையை ஒட்டிய சுவரில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். அத்தான் பெஞ்சுக் கால்களுக்கு நடுவே கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சூடாக இருந்தது.

அப்புறம் அந்த ஊரில் அவர் குழலை வாசிக்கவில்லை. ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினார். கெமிஸ்ட்ரி வாத்தியார் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போனும் போடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்... வீட்டிலிருந்தும் 'ஏன் கூப்பிடவில்லை' என்று ஒரு போன் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. நாலாம் நாள் இவரே கூப்பிட்டார்.

"என்னங்க, மறுபடியும் கூப்பிடறீங்க? அவ தூங்கிட்டா," என்றாள் அக்கா.

"மறுபடியுமா?"

"இப்பத்தானே வாசிச்சு முடிச்சீங்க? ஏங்க, என் மேல ஏதாவது கோபமா? நாலு நாளா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க. வாசிக்கறீங்க, வச்சுடறீங்க."

அத்தான் தன் போனைப் பார்த்தார். அந்த நாலு நாளில் அதிலிருந்து வீட்டுக்கு ஒரு அழைப்பும் போகவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள் அக்கா, "இவ்வளவு நல்லா நீங்க வாசிச்சதே இல்ல."

போனை அணைத்து வை, நான் வரும்வரை தொடாதே என்று மட்டும் சொன்னார். ராஜினாமாக் கடிதத்தை யார் கையிலும் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, கிடைத்த முதல் விமானத்தில் ஏறிவிட்டார்.

வந்த அன்றைக்கு ராத்திரி மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கிளம்பும்போது அலமாரியிலிருந்து எடுத்துவந்த குழலில் நாலு வரியையும் வாசித்தார். குழந்தை பொறுமையாகக் கேட்டது. முடிந்ததும் அம்மா பக்கம் திரும்பியது.

"அம்மா, அப்பாவ வாசிக்கச் சொல்லு."

"இவர்தான்டா அப்பா."

"இல்ல."

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. இல்லாததை இல்லை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டது. பயத்தைவிட அந்த ஒரு வார்த்தைதான் தன்னை அறுத்துப் போட்டது என்றார் அத்தான்.

விடிய விடிய குழந்தை தூங்கவில்லை. அடுத்த ராத்திரியும் தூங்கவில்லை. மூன்றாம் ராத்திரி அக்கா மனசு கேட்காமல், அணைத்து வைத்த போனை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தாள். ஆன் செய்யவில்லை. ஐந்து நிமிஷம். குழந்தை சிரித்துக்கொண்டே தூங்கிப்போனது. அப்புறம் தினமும் அப்படித்தான். அக்கா போனை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். தடுக்க மனம் வராமல், அத்தான் அந்த அறை வாசலை மறித்து, ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். காதை எவ்வளவு தீட்டினாலும் உள்ளே மின்விசிறிச் சத்தம்தான்.

போன வாரம் ஒருநாள் காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பக்கத்தில் வர ஆரம்பித்திருந்தாள். அவளே பேச்செடுத்தாள்.

"நேத்து அவர் வாசிக்கல. பேசினாரு."

"யாரும்மா?"

"அப்பா. ஹால்ல பாய் போட்டு ஒருத்தர் படுத்திருக்காரே, அவர் யாருன்னு கேட்டாரு."

அத்தான் சீப்பைக் கீழே வைத்தார்.

"நீ என்னம்மா சொன்ன?"

"எனக்குத் தெரியாது... நீங்களே வந்து பாருங்கன்னு சொன்னேன்."