விஷம் பாக்குற பட்டை

எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க, டாக்டரம்மா? பதினஞ்சா? அடேங்கப்பா! போன தடவை கடல்ல செவப்பு விஷம் ஏறினப்ப, எங்க சிப்பியப் பட்டணத்துக்கு அனுப்பி, எலிக்கு ஊசி போட்டு, சாகுதா பொழைக்குதான்னு பாத்துச் சொல்ல ஆறு நாளாச்சு. இப்ப நான் குடுத்த சிப்பியப் பாக்க இந்தக் கையளவு பெட்டியும் இத்தனூண்டு பட்டையும் போதுங்கறீங்க.

பரவால்ல, நான் இங்கயே நிக்கறேன். உக்காந்தா இருப்புக்கொள்ளாது.

பட்டையில என்ன தடவியிருக்கு? ஓ... கிருமியப் புடிக்க ஒடம்புல சுரக்குமே, அந்தச் சத்தா? விஷத்தக் கண்டா கப்புனு கவ்விக்கும், பெட்டியில நம்பர் ஏறும். சரி சரி. இந்த எர்மினியோ, நான்தான், முப்பது வருஷமா கடல்ல முங்கிச் சிப்பி எடுக்கறேன், என் மூக்குக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுது பாருங்க.

மேட்டுல என்ன கூச்சலா? என் மச்சான் ருதெசிந்தோவோட வீட்டை இழுக்கறாங்க. ஆமா, மரவீடு, அப்படியே முழுசா வேற எடத்துக்கு. பதினாறு மாடு, ஊரே கயித்தப் புடிச்சிருக்கு. இழுக்கறவங்களுக்குக் கூலி கெடையாது, விருந்துதான். குழியில சுட்ட கல்லு போட்டு, சிப்பி, பன்னிக்கறி, உருளைக்கெழங்கு அடுக்கி, இலைபோட்டு மூடியாச்சு. இது சிலோயே தீவு, டாக்டரம்மா. சிப்பி இல்லாம குழி மூடினா, சாகறவரைக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க.

வேக வெச்சா விஷம் போயிடும்ல? போகாதா? எலுமிச்சம்பழம் புழிஞ்சாக்கூடவா? என்னம்மா சொல்றீங்க, எங்க ஊர்ல எல்லாரும் அதத்தானே... கூடை நெறைய வாங்கி வெச்சிருக்கோமே.

என்ன காட்டுது? சுத்தமா? துளிகூட இல்லியா?

இன்னொரு தடவ பாருங்களேன். இல்ல, பெட்டிய நான் சந்தேகப்படல. அது பாத்தது சரியாத்தான் இருக்கும்.

கோவிச்சுக்காதீங்க. நான் குடுத்த சிப்பி எங்க பாறையில எடுத்ததில்ல. விடியறப்ப தெக்குக் குடாவுக்குப் படகுல போய் அள்ளியாந்தது. எங்க பாறைக்குத் தடை போட்டுட்டா மாசக்கணக்குல முங்க முடியாதேன்னு, மச்சானும் நானும்தான் யோசன பண்ணினோம். எங்க பாறைச் சிப்பி நாலு மூட்டையும் குழியில வேகுது. எலுமிச்சம்பழம்தான் இருக்கேன்னு இருந்துட்டோம்.

அடுக்கறப்ப ருசி பாக்க ரெண்டு பச்சையா வாயில போட்டேன். அப்பலேந்து உதடு மரத்துக் கெடக்கு. குளிருன்னு நெனச்சேன். இப்ப விரலும் மரக்குது. என்னை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல மேட்டுக்கு ஓடுங்க. நான் போய்ச் சொன்னா எவனும் நம்பமாட்டான்.