பாலெடுன்னு சத்தம் போட்டது நான்

ஓடுகோம். பதினோரு பேரு. கையில வாளி. காத்து முதுகுல அறையுது. ரப்பர் மரம் முறியதுக்கு ஒரு சத்தம் உண்டு. முதல்ல ‘டிக்’குன்னு சின்னதா. பின்னே ‘மடார்’. ரெண்டுக்கும் இடையில ஒரு மூச்சு நேரம். அதுக்குள்ள விலகணும். முப்பது வருசம் பால் வெட்டினவ நான். அன்னைக்குத்தான் அதப் படிச்சேன்.

“மேல பாரு! மேல பாரு!”

ஆரு கத்தினான்னு தெரியல. டிக். மடார். இடப்பக்கம். டிக். மடார். பின்னால. வாளியில உள்ள பாலு தெறிச்சு முகமெல்லாம் ஒட்டுது. வாளியக் கீழ போடத் தோணல பாத்துக்கிடுங்க. உயிர் போவுது, நான் வாளியத் தூக்கிட்டு ஓடுகேன். நல்ல பழக்கம்.

ஷெட்டுக்கு வந்து எண்ணுகோம். பத்து. திருப்பி எண்ணுகோம். பத்துதான். எனக்க மைனி இல்ல.

மைனி பேரு சாந்தா. எனக்க அண்ணன் தங்கராஜுக்க பெண்டாட்டி. எனக்கு அடுத்த பிளாக்கு அவளுக்கு. எட்டு வருசமா தற்காலிகம். இந்தா நிரந்தரம் ஆக்குகோம், அந்தா ஆக்குகோம்னு சொல்லியே எட்டு வருசம் ஓடிப்போச்சு. அதனால அவ ஒரு நாளும் பாலக் குறைய விட மாட்டா. குறைஞ்சா பேரு கெட்டுப்போவும்னு பயம்.

காத்து வரியதுக்கு முன்னே நடந்ததச் சொல்லுகேன். அதுதான் முக்கியம்.

கார்த்திகை மாசம். வியாழக்கிழமை. மூணு நாள் மழைக்குப் பிறவு பால்வெட்டு வச்சாவ. காத்து வரும்னு முந்தின நாளே ஆபீஸ் போனுல எச்சரிக்கை வந்திருக்கு. எங்களுக்குச் சொல்லல. மலையில எங்க போனுக்கு டவர் கிடையாது. ஆபீஸ் முன்னால ஒரு மணி தொங்குது. நாங்க அஞ்சு நிமிசம் பிந்தினா அடிக்கிய மணி. அன்னைக்கு அது அடிக்கல.

விடியக்கால வெட்டு முடிஞ்சு, மரத்துல கட்டின சிரட்டையில பாலு ஊறட்டும்னு ஷெட்டுல உக்காந்து கஞ்சி குடிக்கோம். ஒன்பதே கால். மைனி எனக்க பாத்திரத்துல ஒரு துண்டு மீனு வச்சா. நான் தலையத் தூக்குகேன். மலை கறுத்து நிக்குது.

எங்க தோட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. மழையை முதல்ல ஆரு காணுகாளோ அவ சத்தம் போடணும். “மழே! பாலெடு!” அது கேட்டா கஞ்சியப் போட்டுட்டு எல்லாரும் மரத்துக்கு ஓடணும். சிரட்டையில மழைத்தண்ணி விழுந்தா பாலு போச்சு. பாலு போனா அந்த நாளு போச்சு. வேலையில சேர்ந்த முதல் நாளு எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லித்தரியதுக்கு முன்னே அந்தச் சத்தத்தத்தான் சொல்லித்தந்தாவ.

நான் சத்தம் போட்டேன்.

“மழே! பாலெடு!”

மைனிதான் முதல்ல ஓடினா.

அது மழை இல்ல. புயல். ஷெட்டுலயே இருந்திருந்தா எல்லாரும் பிழைச்சிருப்போம். ஷெட்டுக்கு ஒரு ஓடுகூட இளகல. எனக்க நாக்கு அழுகிப்போவட்டும்.

காத்து அடங்கினப்பம் மணி பதினொண்ணு. தேடிப்போனோம். மைனி மரத்துக்கடியில இடுப்பளவு கிடக்கா. மூச்சு இருக்கு. மரத்த அறுக்க வாள் ஆபீஸ்ல. ஆபீஸ் பூட்டிக்கிடக்கு. வெட்டுக்கத்தியால தோண்டினோம். பத்துப் பெண்ணுங்க. ஸ்ட்ரெச்சர் கிடையாது. சாக்கையும் ரெண்டு கம்பையும் கட்டித் தூக்கினோம். ரோடு முழுக்க மரம். ஒவ்வொண்ணா ஏறி இறங்கி நடக்கோம். பாதி வழியில கண்ணு முழிச்சா.

“ஏட்டி, பாலு கொட்டிப்போச்சா?”

இல்ல மைனி, இருக்குன்னு சொன்னேன். பொய். அவ அந்தப் பொய்யக் கேட்டுட்டுக் கண்ண மூடினா. திருவட்டாறு ரோட்டுல ஏறியதுக்குள்ள கையி தணுத்து விறைச்சுப்போச்சு.

எட்டாம் நாளு ஆபீஸ்ல விசாரணை. சூப்பர்வைசரு ஒரு தாளு நீட்டுகாரு. காத்து வீசினப்பம் சாந்தா ஆரும் சொல்லாம தானாத் தோட்டத்துக்குள்ள போனா, அப்படி எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு புஷ்பம், நீ அவளுக்க நாத்தூன்தானே, நீ சொன்னா போதும்னு சொல்லுகாரு. தானாப் போனான்னா அது வேலையில வந்த சாவு இல்ல. அவ தொழிலாளியே இல்ல. எட்டு வருசம் மரம் மரமா நடந்தவ, சும்மா காத்து வாங்கப் போனவ.

அண்ணன் எனக்குப் பக்கத்துல இருக்கான். ஆரு சத்தம் போட்டான்னு அவனுக்குத் தெரியாது. கூட இருந்த பெண்ணுங்க ஒருத்தியும் சொல்லல. எனக்க மேல உள்ள இரக்கம். கையெழுத்துப் போட்டா அவனுக்கு என்னைக்கும் தெரியாது. பேனாவ எடுத்தேன். வச்சேன்.

நான்தான் சத்தம் போட்டேன்னு சொன்னேன். பாலெடுன்னு சத்தம் போட்டேன் சார். அப்படித்தான் போடணும்னு நீங்கதான் பழக்கினிய. அவ வேலைக்குத்தான் ஓடினா. அத எழுதுங்க, கையெழுத்துப் போடுகேன்.

அண்ணன் எந்திச்சான். என்னைப் பாத்தான். வெளிய போனான்.

ஒன்றரை வருசம் யூனியன் ஆளுங்க கூட அலைஞ்சு, மைனிக்க பேருக்கு நேரா ‘பணியில் இறந்தவர்’னு எழுத வச்சோம். இப்பம் தோட்டத்துல ஸ்ட்ரெச்சர் இருக்கு. காத்து வரும்னா மணியும் அடிக்காவ. கண்ணு கெட்ட பிறவு சூரிய நமஸ்காரம். பாலெடுன்னு மத்தவ ஆராவது சத்தம் போட்டா நான் காதப் பொத்துவேன். நான் பின்னே ஒரு நாளும் போடல.

எங்கிட்ட கேக்க வந்த நீங்க, புயல்ல போனத எண்ணச் சொன்னிய. எண்ணுகேன்.

மரங்கள ஆபீஸ்காரங்க மறுநாளே எண்ணினாவ, விழுந்த ஒவ்வொண்ணுலயும் வெள்ளப் பெயிண்ட்ல நம்பர் போட்டு. மைனிய அழுத்தின மரத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அது நாற்பத்தொண்ணு. எங்க ரெண்டு பிளாக்குலயுமா நூத்திப் பன்னிரண்டு மரம். வாளி ரெண்டு. வெட்டுக்கத்தி ஒண்ணு. மைனிக்க ஒரு செருப்பு, கிடைக்கவே இல்ல.

மைனி ஒருத்தி.

அண்ணன் ஒருத்தன். அவன் உயிரோடதான் இருக்கான். நாலு வீடு தள்ளி. தினமும் எனக்க நடை வழியாத்தான் போறான். முன்னெல்லாம் என்னை மக்களேன்னு ஆசையாக் கூப்பிட்டுட்டுப் போவான்.