கடல் மூடிய தெருவில் யோகம்மா ஓட்டிய லொறி

(தீவக நினைவுக் களஞ்சியத்தின் திறப்பு விழாவில், அதன் செயலாளரும் இளைப்பாறிய ஆசிரியையுமான பவதாரணி இறுப்பிட்டியில் ஆற்றிய உரை)

அவைக்கு அணியாய் அமர்ந்து, இந்த மாலைப் பொழுதை மாண்புற நடத்தித் தரும் எங்கள் ஊர்மன்றத் தலைவர் அவர்களே! அவர் அருகே அமர்ந்து இந்த மேடைக்கு மதிப்பளிக்கும் பெரியோர்களே! உப்புக் காற்றுக்கும் ஊர் பெயர்ந்த காலத்துக்கும் ஈடுகொடுத்து நின்று, எங்களையெல்லாம் ஆளாக்கிய அருமைத் தாய்மார்களே! வேலணையிலிருந்தும் காரைநகரிலிருந்தும் பேருந்து மாறிப் பேருந்து ஏறி வந்து சேர்ந்த உறவுகளே! கதிரை கிடைக்காவிட்டாலும் வேலியோரம் நின்று கேட்கும் இளையோரே! கடல் கடந்த நாடுகளில் கைபேசித் திரைக்கு முன்னால் கண்ணிமைக்காமல் இருக்கும் எங்கள் சொந்தங்களே! உங்கள் அனைவரையும் என் நெஞ்சம் நிறைந்த அன்போடு வணங்குகிறேன்.

ஓம், ஓம், பின்னாலை கேக்கேல்லை எண்டு கை காட்டுறீங்கள். தம்பி, மைக்கைக் கொஞ்சம் கூட்டிவிடும். இப்ப கேக்குதோ? நல்லது.

பெரியோர்களே! வரலாறு என்கிறோமே, அது யாருடைய வரலாறு? போர்த்துக்கேயர் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள். எழுதி வைத்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் வந்தார்கள், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சின்னாச்சிக்குப் பிள்ளை பிறந்த கதையை எழுதி வைத்தவர் யார்? கடல் மேலெழுந்து, தீவுகளை இணைக்கும் கல்தெருவை விழுங்கிய நாளில், அந்தக் கடலுக்குள் லொறியைச் செலுத்தியவள் பெயரைப் பொறித்து வைத்தவர் யார்?

அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் இந்தக் களஞ்சியத்துக்கான வேலையை நாங்கள் தொடங்கினோம். ஊர் மக்களின் நினைவுகளை அவரவர் குரலிலேயே பதிந்து வைப்பது, பழைய படச்சுருள்களைத் தேடி எடுத்துக் காப்பது, இவைதான் எங்கள் நோக்கம். வேலணைப் பெண் கம்சிகா, கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அப்படி அவள் போன வீடுகளில் ஒன்றுதான், எண்பதை எட்டிப் பிடிக்கும் வயதில், இந்த இறுப்பிட்டியில் தனியே வாழும் யோகம்மாவின் வீடு.

யோகம்மாவின் தகப்பனார் நாகமுத்து, புகையிலையும் பனைமரமும் ஏற்றும் லொறி ஒன்று வைத்திருந்தவர். ஆண்பிள்ளை இல்லாத மனிதர். ஆட்கள் நடமாட்டம் குறைந்த வெட்டவெளித் தரவையில், மாலை வேளைகளில், மகளுக்கு லொறி ஓட்டப் பழக்கினார். அறுபத்தொன்பதாம் ஆண்டு மார்கழியில் நடந்ததை யோகம்மா கம்சிகாவிடம் சொன்னார். நான் பல தடவை கேட்டு மனத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். அவருடைய வாய்மொழியிலேயே கேளுங்கள்:

“அண்டைக்கு விடியத் தொடங்கின மழை விடவே இல்லை, பிள்ளை. சின்னாச்சியக்காவுக்கு வயித்துக்குத்து. அவவின்ரை மனுசன் தெற்கை, காலிப் பட்டினத்திலை கடையிலை நிக்கிறார். மருத்துவிச்சி எமிலியக்கா வந்து தொட்டுப் பாத்திட்டு, ‘பிள்ளை குறுக்கை கிடக்கு, ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகாட்டில் ரெண்டு உயிரும் தங்காது’ எண்டிட்டா. எங்கடை அப்பாவுக்கு நெருப்புக்காய்ச்சல், எழும்ப ஏலாது. கார் வைச்சிருந்தவர் பாலத்தடி மட்டும் போய்க் கடலைப் பாத்திட்டுத் திரும்பி வந்திட்டார். நான் அப்பாவின்ரை தலைமாட்டிலை போய் நிண்டன். அவர் தலையணைக்குக் கீழை இருந்த லொறித் திறப்பை எடுத்துத் தந்தவர்.”

தாய்மார்களே! பெற்ற மகளைப் பெருங்கடலுக்குள் அனுப்பப் போகிறோம் என்று அந்தத் தகப்பனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தந்தார். மேலும் கேளுங்கள்:

“வேலணைக்குக் கடலுக்குள்ளாலை போற தெருவைத் தண்ணி மூடிப்போட்டுது. ரெண்டு பக்கமும் நட்ட வெள்ளைக் கல்லின்ரை தலை மட்டும்தான் தெரியுது. வலப்பக்கக் கல்லை நான் பாத்தன். இடப்பக்கக் கல்லை எமிலியக்கா எட்டிப் பாத்துப் பாத்து, ‘நேரை விடு, இஞ்சாலை எடு’ எண்டு சொல்லிக்கொண்டு வந்தவ. பின்னுக்குப் புகையிலைச் சாக்கிலை சின்னாச்சியக்கா, மேலை மழைக்குப் படங்கு. தாய்க்காரி பிடிச்சுக்கொண்டிருந்தவ. சின்னாச்சியக்கா கத்தேக்கை எனக்குப் பயமில்லை, பிள்ளை. கத்தாமல் விட்டால்தான் பயம்.”

கரை சேர்ந்தது லொறி. காப்பாற்றப்பட்டாள் சின்னாச்சி. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில் கத்தி வைத்தெடுத்த பெண் குழந்தை, கத்திக் கத்தி அழுதது!

கை தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

கம்சிகா இந்தக் குரல்களைப் பதிந்துகொண்டிருந்த அதே வேளையில் எங்கள் ஊர்மன்றம் ஒரு வரலாற்று மலர் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் பதிப்பாசிரியர் எங்கள் மதிப்புக்குரிய சுதாகரன் அவர்கள். அதோ, இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்த வரி இது: “நாகமுத்துவின் லொறியில் சின்னாச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.” கொண்டுசெல்லப்பட்டார்! கொண்டுசென்றது யார்? காற்றா? கடவுளா?

கம்சிகா ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். சுதாகரன் மறுத்துத் தலையசைத்தார்.

“பிள்ளை, அந்தக் காலத்திலை ஒரு குமர்ப்பிள்ளை லொறி ஓடினதெண்டால் ஆர் நம்புவினம்? கண்ட சாட்சி ஒருத்தரும் இல்லை. மற்றதை வைச்சுக்கொண்டு அந்தத் துண்டை மட்டும் வெட்டுவம்.”

“நான் வெட்டமாட்டன் அண்ணை,” என்றாள் கம்சிகா.

“அப்ப போய் ஆதாரம் கேப்பம்.”

அவர்களும் நானுமாக மூவரும் யோகம்மா வீட்டுக்குப் போனோம். சுதாகரன் பணிவோடுதான் கேட்டார். “அம்மா, ஒரு படமாவது இருக்கோ?”

“இடம்பெயரேக்கை அலுமாரியோடை விட்டிட்டுப் போனனாங்கள், தம்பி. திரும்பி வரேக்கை அலுமாரியும் இல்லை, வீட்டுக்கூரையும் இல்லை.”

“லைசென்ஸ்?”

“லைசென்சோ? அது அண்டைக்கும் இல்லை, இண்டைக்கும் இல்லை!”

சபையில் பொலிஸ் உத்தியோகத்தர் யாராவது இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சுதாகரன் மெல்ல விஷயத்தை எடுத்தார். அந்தத் துண்டை மட்டும் இப்போதைக்கு விடுவோமா என்று கேட்டார். யோகம்மாவின் முகம் மாறியது. எழுந்து நின்றார். “வெட்டுறதெண்டால் முழுக்க வெட்டுங்கோ. நான் பிறந்ததையும் வெட்டுங்கோ. பாதி மனிசியாய் உங்கடை பெட்டிக்குள்ளை கிடக்க என்னாலை ஏலாது.” சொல்லிவிட்டு உள்ளே போனவர்தான். திரும்பி வரவில்லை. பிறகு கம்சிகா போனபோதெல்லாம் வாசல் படலை திறக்கப்படவே இல்லை.

சபையோரே! சாட்சி சொல்லச் சின்னாச்சி இல்லை, அவள் தாயும் இல்லை. நாகமுத்து இல்லை. எமிலி இல்லை. வீடு இழந்தோம், வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களை இழந்தோம். எங்களில் எத்தனை பேரிடம் கலியாணப் படம் இருக்கிறது? கை உயர்த்துங்கள் பார்ப்போம்! பாருங்கள், நரைத்த தலைகளுக்கு நடுவே எழுந்த கைகள் எத்தனை குறைவு! ஆதாரம் கொண்டு வா என்றால் எங்கே போவோம்?

ஆனால் சுதாகரன் அவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெட்டச் சொன்ன மனிதர், வெட்டிவிட்டு உறங்கவில்லை. உண்மை எதுவானாலும் தெரிய வேண்டும் என்று தேடத் தொடங்கினார். இரத்தினபுரியில் கடை வைத்திருந்த எங்கள் ஊர் முதலாளி தம்பிஐயா, அறுபத்தொன்பதாம் ஆண்டு மார்கழிக்கு ஊர் வந்தபோது படம் பிடிக்கும் கருவி ஒன்றும் கொண்டு வந்திருந்தார் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, நோர்வேயில் இருக்கும் தம்பிஐயாவின் பேத்தியைத் தேடிப் பிடித்தார். “அப்பப்பாவின்ரை சுருள் ஒண்டு பிஸ்கற் பேணிக்குள்ளை கிடக்கு, மாமா, ஆனால் புளிச்ச மணம் அடிக்குது” என்றாள் அந்தப் பிள்ளை. எறிய வேண்டாம் என்று மன்றாடி வரவழைத்தார். சுருள் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கொழும்பில் பழைய படங்களைச் சீராக்கும் ஒருவர், பார்த்த மாத்திரத்தில் “சரிவராது” என்றார். சுதாகரன் அங்கேயே தங்கி, “ஒரு முழம் மிஞ்சினாலும் காணும், செய்து பாருங்கோ” என்று விடாமல் நின்றார். தன் வரியைப் பொய்யாக்கப் போகும் படத்தைத் தானே தோளில் சுமந்து வந்தவர் அவர். இந்த மேடையில் அவரை நான் வாழ்த்துகிறேன்!

மீட்ட படத்தை முதன்முதலில் எங்கள் வாசிகசாலையில், சன்னல்களைச் சாத்தி, சுவரில் போட்டுப் பார்த்தோம். அதுவரை ஊரில் யாருமே பார்க்கவில்லை, சுதாகரன்கூடப் பார்க்கவில்லை. யோகம்மாவை அழைக்க நானே போனேன். “என்னை இன்னும் ஒருக்கால் பொய்க்காரி ஆக்கவோ, ரீச்சர்?” என்று கேட்டார். “இல்லை அக்கா, படத்திலை என்ன இருக்கெண்டு எங்களுக்கும் தெரியாது. உங்களோடை இருந்து பாக்கத்தான் கூப்பிடுறன்” என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

நிறம் செத்துச் சிவப்பேறிய படம். சத்தமில்லாத படம். கோயில் வாசல் வந்தது, கூட்டம் வந்தது. “அது எங்கடை ஐயா!” என்று ஒரு குரல். “அந்தக் கிணத்தடி இப்ப இல்லையே!” என்று இன்னொரு குரல். முகத்தை மூடி வெட்கப்பட்டுக்கொண்டு தம்பிஐயாவின் மனைவி வந்து போனார். திடீரென்று வானம் இருண்டது. மழை. தெரு மூடப்படுமுன்னரே அக்கரை போயிருந்த தம்பிஐயா, கடல் தெருவை மூடிய அதிசயத்தைப் படம் பிடிக்க வேலணைக் கரையில் குடையோடு நின்றிருக்கிறார்! அலை, அலை, அலைக்கு மேல் அலை. தெருவைக் காணவில்லை. அந்த வெறும் தண்ணீருக்குள்ளிருந்து, என் அன்பார்ந்த மக்களே, ஒரு லொறி வந்தது!

வந்தது! தத்தித் தத்தி வந்தது, தண்ணீரைப் பிளந்து வந்தது, தலை நிமிர்ந்து வந்தது! கரையேறி நின்றது. கூட்டம் சூழ்ந்தது. வலப்பக்கக் கதவு திறந்தது. சாரதியின் கதவு திறந்தது! சேலையை வரிந்து கட்டிய ஓர் இளம்பெண் தொப்பென்று குதித்தாள். முகத்து நீரை வழித்து எறிந்தாள். வழிமறித்து நின்றவர்களைப் பார்த்துக் கையை வீசி ஏதோ கத்தினாள். கூட்டம் விலகியது. ஏறினாள், கதவை அடித்துச் சாத்தினாள், போனாள்!

வாசிகசாலை அதிர்ந்தது. முதலில் எழுந்து நின்று கை தட்டியவர் யார் தெரியுமோ? சுதாகரன்!

யோகம்மா மட்டும் கை தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது அப்பாவின்ரை லொறி,” என்றார். “அங்கை பாருங்கோ, கண்ணாடிக்கு உள்ளை எமிலியக்கா இருக்கிறா.” அப்போதுதான் அவருடைய கண் கலங்கியது.

சுதாகரன் அருகே போனார். “அம்மா, நான் எழுதினது பிழை.”

“நீர் தேடினபடியால்தானே தம்பி, நான் எமிலியக்காவைத் திரும்பக் கண்டனான்,” என்றார் யோகம்மா.

கம்சிகாவுக்கு ஒரு சந்தேகம். “ஆச்சி, அந்தச் சனத்தைப் பாத்து என்ன சொல்லிக் கத்தினனீங்கள்?”

“சபையிலை சொல்ல ஏலாது, பிள்ளை!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்தச் சிரிப்போடு இன்னொன்றையும் கேளுங்கள். அன்று பிறந்த குழந்தை எங்கே? பெயர் ஜெயந்தா. பாரிஸ் நகரில் வாழ்கிறார். தாய் சின்னாச்சி, ஜெயந்தா சிறுமியாய் இருந்தபோதே காலமாகிவிட்டார். நான் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன்.  அழுகைக் குரலில் சொன்னார்:

“ரீச்சர், அம்மா எனக்கு எப்பவும் சொல்லுறவ, ‘யோகத்தாலை பிழைச்ச பிள்ளையடி நீ’ எண்டு. நான் இவ்வளவு காலமும் அதிர்ஷ்டத்தைச் சொல்லுறா எண்டெல்லோ நினைச்சனான். அது ஒரு மனிசியின்ரை பெயரோ?”

ஓம், தாயே, ஓம்! அது ஒரு மனிசியின் பெயர்! ஒரு தாய் தன் மகளின் காதில் வரலாற்றைச் சொல்லி வைத்திருக்கிறாள். சாட்சி இருந்திருக்கிறது, படம் பிடித்த சுருளுக்கு வெளியே, ஒரு பெண்ணின் நினைவுக்குள், பாரிஸ் நகரத்து வீடு ஒன்றில்! நாங்கள்தான் கேட்கவில்லை. அந்த ஜெயந்தா இன்று கடல் கடந்து வந்து, முன்வரிசையில், யோகம்மாவின் கையைப் பிடித்தபடி இருக்கிறார். எழும்புங்கோ, பிள்ளை. யோகம்மாக்கா, நீங்களும் எழும்புங்கோ. சபை உங்களைப் பார்க்கட்டும்!

(நீண்ட கரவொலி)

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். தம்பிஐயா அன்று குடையோடு வந்து நிற்காமல் இருந்திருந்தால்? மழைக்குப் பயந்து வீட்டில் இருந்திருந்தால்? யோகம்மா லொறி ஓட்டவில்லை என்று ஆகியிருக்குமா? ஆகியிருக்காது! அவர் ஓட்டியது ஓட்டியதுதான். படம் வருமுன்னரே அது உண்மை. இந்தத் தீவுகளில் ஒரு நாளில் ஓரிடத்தில் ஒரு கருவி சுழன்றது. சுழலாத நாட்கள் எத்தனை! பிடிக்கப்படாத முகங்கள் எத்தனை! நெடுந்தீவுக் கடலில் நடந்தது, நயினாதீவுக் கரையில் நடந்தது, காரைநகர் வயலில் நடந்தது, இவற்றுக்கெல்லாம் எந்தத் தம்பிஐயா படம் பிடித்தார்? படம் இருந்தால் காப்போம். படம் இல்லையா? குரலைக் காப்போம். குரலை நம்பிக் காப்போம். நம்பமுடியாததாய் இருந்தால், வெட்டுவதற்கு முன் தேடிப் பார்ப்போம்!

மலர் இன்று வெளியாகிறது. சுதாகரன் அவர்கள் தம் கையால் மாற்றி எழுதிய வரி அதில் அச்சேறியிருக்கிறது: “கடல் மூடிய தெருவில், எமிலி வழிகாட்ட, நாகமுத்துவின் மகள் யோகம்மா லொறியை ஓட்டிச் சென்று இரண்டு உயிர்களைக் காத்தார்.” வென்றது யோகம்மா! வென்றது கம்சிகாவின் பிடிவாதம்! வென்றது எங்கள் தீவகம்!

அன்புக்குரியவர்களே, நாளை காலை கம்சிகா உங்கள் வீட்டுப் படலையில் வந்து நிற்பாள். “என்னட்டைச் சொல்ல என்ன கிடக்கு, பிள்ளை” என்று சொல்லி அவளை அனுப்பிவிடாதீர்கள். ஒரு கதிரையை இழுத்துப் போடுங்கள். நீங்களும் இருங்கள். உங்கள் தாய் எப்படிச் சிரிப்பாள், உங்கள் தெருவில் யார் முதலில் சைக்கிள் ஓடினார், எந்த வள்ளத்தில் ஏறி எங்கே போனீர்கள், எல்லாம் சொல்லுங்கள். விக்கினாலும் சொல்லுங்கள், அழுதாலும் சொல்லுங்கள், ஆசுப்பத்திரிக்கு வழிவிடாத சனத்தைத் திட்டிய சொல்லாக இருந்தாலும் சொல்லுங்கள்! நாங்கள் இருந்து கேட்கிறோம்.

இவ்வளவு நேரம் வெக்கையையும் பொறுத்து, என் பேச்சையும் பொறுத்த உங்கள் அனைவருக்கும், தலைமை தாங்கும் பெருந்தகைக்கும், பந்தலிட்ட கைகளுக்கும், தேத்தண்ணி ஊற்றும் தாய்மாருக்கும் என் உளமார்ந்த நன்றி. தீவகத்தின் குரல்கள் நீடு வாழ்க! எல்லோருக்கும் வணக்கம்.