வாத்தியாரைக் கொன்றவள்

மகளுக்குத் தடுப்பூசி போடப் பெருமாட்டியிலிருந்து சித்தூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் கண்ணாடி போட்ட பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி தோழியிடம் சொன்னாள்: "அந்த வாத்தியார நாந்தான் கொன்னுபோட்டேன் புள்ள. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடம் மாறி உட்காரலாமா என்று யோசித்தேன். மாறவில்லை.

"ஏபுள்ள, நாவல்ல அவரு சாகறதில்லியா?" என்றாள் இரட்டைச் சடைத் தோழி.

"ஆரு கண்டா? ஊட்ல விருந்தாளிங்க, பாதிதான் படிச்சேன். கிளாஸ்ல எந்திரிச்சுக் கதையச் சொல்றப்ப முடிவு வேணுமில்ல? ஆத்துல தள்ளி உட்டுட்டேன்."

"அடிப்பாவி! நான் அழுதனே!"

"நீ அழுதாப் பரவால்ல. நான் சொன்னதக் கேட்டுப்போட்டு, சுமதி அடுத்துப் படிக்கறதுக்கு அந்த நாவலையே லைப்ரரில எடுத்துட்டா. படிச்சுப்போட்டுத் திங்கக்கெழம டீச்சர்கிட்டச் சொன்னா எம்மானமே போயிரும்."

"அவ சொல்ல மாட்டா."

"எப்படிச் சொல்ற?"

"போன வாரம் அவ கிளாஸ்ல சொன்ன நாவல நான் எடுத்துட்டுப் போயி முழுசாப் படிச்சேன். கடைசில அவ ஒரு மாப்பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாளே, அவன் நாலாவது அத்தியாயத்துலயே செத்துப்போயிட்டான்."

கண்ணாடிக்காரி அப்போதுதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"அப்ப அத இன்னிக்கே அவ காதுல போட்டு வெச்சுரு புள்ள."