மூணாவது மிதவை

— கையை எடு டிக்கோ. பிடிபட்ட படகு அது. பத்து மணிக்குக் கோயில் மணி அடிச்சு ஊர் கூடுற வரைக்கும் நீகூடத் தொடக்கூடாது.

— என் படகை நான் தொடக்கூடாதா? நல்லா இருக்கு அண்ணி நியாயம்! விடியக்காலைல கழுத்தைப் பிடிக்காத குறையா இழுத்துட்டு வந்தீங்க. நான் என்ன வெடி போட்டேனா, விஷம் கலந்தேனா? ஒத்தைத் தூண்டில். ரெண்டு சங்கரா மீன். அதுல ஒண்ணு உங்க உள்ளங்கை அளவுகூட இல்லை.

— மீன் பெருகட்டும்னு ஊரே அடைச்ச கடல்ல ஒரு மீனும் ஒண்ணுதான், ஒரு படகு மீனும் ஒண்ணுதான். பேச்சைக் குறை.

— அடைச்ச கடலுக்கு வெளியதான் இருந்தேன். குழந்தை யேசு மேல ஆணை.

— எல்லைக்குப் போட்ட மூணாவது மிதவைக்கு உள்ள இருந்த. நான் மட்டுமா பார்த்தேன்? கூட வந்த ரெண்டு பேரும் பார்த்தாங்க. ஆறு வருஷமா இந்த ஊர்க் கடல் காவலுக்குத் தலைவியா இருக்கேன். கொழுந்தன்னு உன்னை விட்டுட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தன் படகைப் பிடிப்பேன்?

— விடச் சொல்லலை. நம்பச் சொல்றேன்.

— சட்டம் போட்ட அன்னிக்கு ரெண்டு கையையும் தூக்கினவன் நீதானே? ‘உள்ள மீன் பிடிச்சவன் படகை ஆறு மாசம் கோயில் முன்னால கவுத்துப் போடணும்’னு கத்தினது யாரு, நானா?

— நான்தான். அன்னிக்கு ரெண்டு செம்பு கள்ளு உள்ள போயிருந்துச்சு. ஆனாலும் சொன்ன பேச்சு மாறலை. உள்ள போனா கவுத்துப் போடுங்க. போகலையே! ஆறு மாசம் படகு கவுந்து கிடந்தா நாங்க எதைத் திங்கிறது? நிமியாவுக்கு இது எட்டாம் மாசம். அவ அப்பன் வீட்டுல போய் சோளக் கஞ்சிக்கு நிக்கணுமா? சூரை மீன் கப்பல்ல ரெண்டு வருஷம் நாயாப் பேயா அலைஞ்சது இந்த ஒரு படகுக்காக. நடுவுல கப்பல் செபுல நின்னப்ப நிமியா வந்து பார்த்துட்டுப் போனதோட சரி. ஊர் திரும்பி ஒரு மாசம்தான் ஆகுது.

— எனக்கு மட்டும் இது சந்தோஷமா? உன் பொண்டாட்டி காலைல வந்து என் வாசல்ல நின்னா. ஒரு வார்த்தை பேசலை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னா. அதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

— அப்ப ஒரே ஒரு உதவி பண்ணுங்க. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு. காவல் படகுல என்கூட அங்க வாங்க. நான் நின்ன இடத்தைக் காட்டுறேன்.

— எதுக்கு? தண்ணில உன் தடம் பதிஞ்சிருக்கா?

— தண்ணில இல்லை, கரையில பதிஞ்சிருக்கு. வாங்க.

— கிளீசேரியோ உன்னை மாதிரி வாயாடலை, தெரியுமா? நவம்பர்ல, கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவனையும் இதே மிதவைக்கிட்டதான் பிடிச்சேன். படகுல ஒரு மீன் இல்லை, என்னைப் பார்த்ததும் கொட்டிட்டான்போல. தலையெல்லாம் ஈரம். ‘ஆமா, உள்ளதான் இருந்தேன்’. ஒரே வார்த்தை. அவனே தன் படகைக் கவுத்துப் போட்டுட்டு, செபு துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போயிட்டான். அவன் ஆம்பளை.

— அவன் ஆம்பளையாவே இருக்கட்டும், நான் வாயாடியாவே இருந்துட்டுப் போறேன். அந்தத் துடுப்பை இப்படிக் குடுங்க. முன்னால உக்காருங்க.

— மெதுவாப் போடு. தண்ணி வத்துது, பாறை தட்டும்.

— எனக்கா சொல்றீங்க? இந்தப் பாறைமேல விழுந்து விழுந்துதான் என் முட்டி இப்படி ஆச்சு... ஆமா அண்ணி, கேக்கணும்னு இருந்தேன். வந்ததுல இருந்து பாக்குறேன், நான் மீன் பிடிச்ச அந்தப் பக்கம் ஒருத்தனும் தூண்டில் போடுறதில்லையே? நான் ஊரைவிட்டுப் போறப்ப விடிஞ்சா அங்க பத்துப் படகு நிக்கும். சங்கராவுக்கு அதைவிட்டா வேற இடம் ஏது? சோம்பேறிப் பசங்க, நமக்கு நல்லதுன்னு நினைச்சேன்.

— சோம்பல் இல்லை, பயம். மிதவைக்கிட்ட வரவே பயப்படுறாங்க. காவல் ஒழுங்கா இருந்தா அப்படித்தான்.

— பயமா, நம்ம ஊர்ப் பசங்களுக்கா? சேவல் சண்டைக்குப் போகாதீங்கன்னு பிரசங்கம் வச்ச சாமியாரையே பந்தயம் கட்டக் கூட்டிட்டுப் போனவனுங்க!

— சிரிக்க வைக்காத. எனக்குச் சிரிப்பு வரலை.

— சரி, வந்தாச்சு. இங்கதான் நின்னேன். கரையைப் பாருங்க. கோயில் சிலுவை எங்க தெரியுது?

— தெரியுது, அதுக்கென்ன?

— எங்கன்னு சொல்லுங்க.

— ஐஸ் கொட்டகையைத் தாண்டி... பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்துக்கிட்ட.

— ஆங்! முதல்முதல்ல இந்த மிதவையைப் போட்டது நானும் அண்ணனும். சிலுவை ஐஸ் கொட்டகைக் கூரைக்கு நேர் மேல வர்ற இடத்துல கல்லை இறக்கினோம். அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவோ வெளிய நிக்கிறோம் இப்ப. ஆனா மிதவை எங்க ஆடுது பாருங்க. நமக்கும் வெளிய, முந்நூறு அடி தள்ளி! நான் மிதவையைப் பார்த்து நிக்கிறவன் இல்லை, கரையைப் பார்த்து நிக்கிறவன். கோயில் நடந்து போகாது அண்ணி. மிதவைதான் நடந்திருக்கு.

— ஆகஸ்ட் புயல் தள்ளியிருக்கும்.

— புயல் கரைப் பக்கம்தானே தள்ளும்? ஆழத்துக்கு ஏன் இழுக்குது? கீழ கிடக்கிறது சிமெண்டு ஊத்தின டிரம். நகத்த நாலு பேர் வேணும். யாரு செஞ்ச வேலை இது? விடுதிக்காரனா? வெள்ளைக்காரங்களை முங்க வைக்க இன்னும் இடம் வேணும்னு கேட்டானே, அவனா? சொல்லுங்க, இன்னைக்குக் கூட்டத்துல அவன் மானத்தை வாங்குறேன்!

— விடுதிக்காரன் இல்லை.

— பின்ன?

— புயல்ல பழைய மிதவை அத்துக்கிட்டுப் போச்சு. புதுசு செஞ்சு நாங்க நாலு பொம்பளைங்க கொண்டுவந்து இறக்கினோம். இடம் காட்டினது நான்.

— அட, இவ்வளவுதானா! தப்பாக் காட்டிட்டீங்க. யாருக்கும் வர்ற தப்புதானே? அதைக் கோயில் முன்னால சொல்லிட்டா என் படகு தப்பிச்சுது!

— தப்பாக் காட்டலை தம்பி. பார்த்துத்தான் காட்டினேன்.

— புரியலை.

— துடுப்பை நிறுத்து. உங்க அண்ணன் படகோட பக்கக் கட்டை இங்கதான் மிதந்துச்சு. தொப்பியும் இங்கதான். ஊரே மூணு நாள் முங்கித் தேடுச்சு. ஆளு கிடைக்கலை.

— புயல்ல போயிட்டாருன்னுதானே எனக்குச் சொல்லிவிட்டீங்க. எங்கன்னு சொல்லவே இல்லையே!

— வாய் வரலை. பத்து நாள் கழிச்சு ஒருத்தி இந்த இடத்துச் சங்கராவை என் வாசல்ல கொண்டுவந்து வச்சா. நல்லாக் கொழுத்த மீன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். இது எதைத் தின்னு கொழுத்துச்சோன்னு ஒரு நினைப்பு வந்துச்சு பாரு... அங்கயே வாந்தி எடுத்தேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நான் மீனே தொடலை. இங்க யாரும் தூண்டில் போடக்கூடாது, அவ்வளவுதான் நினைச்சேன். மிதவையை வெளிய தள்ளிப் போட்டேன். கூட வந்த பொம்பளைங்ககிட்டகூட ஏன்னு சொல்லலை.

— ஐயோ... நான் இங்கயா தூண்டில் போட்டேன்? என் கையாலயா?

— உனக்கென்ன தெரியும், பாவம்.

— ஆனா அண்ணி, கிளீசேரியோ! அப்ப அவனும் வெளியதானே இருந்திருக்கான்! அஞ்சு மாசமா அவன் படகு கவுந்து கிடக்கே!

— கிடக்கு. கோயிலுக்குப் போறப்பல்லாம் அதைத் தாண்டித்தான் போறேன். அவன் பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சோறு போடுறேன். போட்டா செஞ்ச பாவம் தீருமா? போதும் டிக்கோ. இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடுறேன். உன் படகைக் கவுக்க வேண்டாம். எனக்கும் இந்தக் காவல் வேண்டாம்.

— சொன்னா என்ன ஆகும்? இந்த மிதவை பொய்யின்னா மத்த மிதவையும் பொய்யிம்பாங்க. அக்கரைத் தீவுக்காரன் மறுநாளே வெடியோட வந்து நிப்பான். ஆறு வருஷம் பட்டினி கிடந்து காத்த கடல் இது!

— அப்ப என்னதான் செய்யச் சொல்ற? உன் படகைக் கவுத்துட்டு நிமியா மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒருத்தருக்கும் தெரியாம ஊரையே ஏமாத்திட்டேனே...

— இருங்க, இருங்க. கிளீசேரியோ ஏன் என்னை மாதிரி சண்டை போடலை?

— நல்லவன். தப்பை ஒத்துக்கிட்டான்.

— சிலுவையையும் கொட்டகையையும் வச்சு இடம் பார்க்க எனக்குக் கத்துக்குடுத்ததே அவன்தான் அண்ணி.

— மணி அடிக்குது. படகைத் திருப்பு.

— அடிக்கட்டும். அந்த மூணு நாளும் இங்க முங்கித் தேடினது யாரு யாரு?

— யாருதான் இல்லை? எல்லாரும்தான். கிளீசேரியோவுக்குக் காதுல ரத்தமே வந்துச்சு. மேல ஏறுடான்னா ஏற மாட்டேன்னுட்டான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வைக்க ஒரு எலும்பாவது வேணும்னு நான் அவன் காலடியில விழுந்து அழுதேன்.

— அதுக்கு முந்தின நாள்தானே அவனைப் பிடிச்சீங்க? ஈரத் தலையோட, படகுல ஒரு மீன்கூட இல்லாம?

— டிக்கோ...

— அவன் மீன் பிடிக்க வரலை அண்ணி, நீங்க கேட்ட எலும்பைத் தேடி முங்க வந்திருக்கான். பசங்க இங்க தூண்டில் போடாததும் பயத்துல இல்லை. இந்த மிதவை ஏன் இங்க ஆடுதுன்னு நம்ம ஊர்ல தெரியாம இருந்தவன் நான் ஒருத்தன்தான்.