சாய்த்துப் பிடித்த வளையம்

டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குடிக்கலாம். ஒரு மடக்கு டீ தொண்டையில் சரியாக இறங்க உள்ளே எத்தனை தசைகள் ஒத்துப்போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அதுதான் என் பிழைப்பு.

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் கை கால் மட்டும் விழுவதில்லை, விழுங்குவதும் போய்விடும். குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். அதனால் மூக்கில் குழாய் விட்டு, கரைத்த உணவை ஊற்றுவார்கள். அவர்களுக்காக எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் இருக்கிறது. எட்டு மாதிரி வளைந்த ஒரு வளையம். தலையில் குறித்த இடத்தில் அதைப் படிய வைத்துப் பொத்தானை அமுக்கினால் டக் டக்கென்று சத்தம் வரும். காந்த அலை மண்டையோட்டைத் தாண்டிப் போய், மூளையில் தொண்டையை ஆட்டுவிக்கிற இடத்தைத் தட்டி எழுப்பும். கத்தி இல்லை, ஊசி இல்லை. ஒரு ஆளுக்குப் பத்து நாள், தினம் இருபது நிமிடம். வளையத்தைப் பிடிக்கிறவன் நான்.

எனக்குக் கை நடுங்காது. அப்பா குவாரியில் கல் உடைத்தார். அண்ணன் பதினைந்து வயதில் குடோனுக்கு மூட்டை தூக்கப் போனான். அவன் தூக்கினான், நான் படித்தேன்.

முதல் வருடம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒரு நாள் காலையில் ஒரு லாரி டிரைவர் வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடத்தில் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கண் வெள்ளையாகப் புரண்டது. கால் நாற்காலியை உதைத்துக்கொண்டே இருந்தது. வலிப்பு. செய்ய வேண்டியதைச் செய்தேன். மெஷினை நிறுத்தினேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், கதவைத் தாழ் போட்டேன். அந்தக் கடைசி வேலை பாடத்தில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

“தூங்கிட்டேனா தம்பி?”

“ஆமாண்ணே. நல்லா அசந்துட்டீங்க.”

நாங்கள் நிரப்புகிற தாளில் ஏழாவது கேள்வி, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பது. அன்றைக்குக் கூட்டம். கேட்காமலே ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தேன். இப்போது கேட்டேன். “சின்ன வயசுல ரெண்டு தடவை வந்துச்சு. ஏன் கேக்குற?” என்றார். சும்மாதான் என்றேன். டிக்கை மாற்றவில்லை. எங்கள் பிரிவைப் பார்க்கிற டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பயம். பொத்தானில் விரல் வைத்துவிட்டு எதிரே இருக்கிற வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால்கூட வாய் இழுக்கிறது என்று தோன்றும். அந்தக் கால் உதைக்கிற சத்தம் பஸ்ஸில் கேட்டது, குளிக்கும்போது கேட்டது.

டாக்டரம்மா முன்பு ஒரு ஆய்வு நடத்தியிருந்தார். பாதிப் பேருக்கு நிஜ சிகிச்சை, பாதிப் பேருக்குப் பொய். பொய்க்கு வளையத்தைப் படிய வைக்காமல் விளிம்பில் சாய்த்து நிறுத்தவேண்டும். சத்தம் அதேதான். அலை காற்றோடு போய்விடும். எல்லோரிடமும் சொல்லி, கையெழுத்து வாங்கி நடந்த ஆய்வு அது. அது முடிந்துவிட்டது. என் மணிக்கட்டு மறக்கவில்லை.

ஒரு நாள் மட்டும் என்றுதான் சாய்த்தேன். அன்றைக்கு அந்தப் பயம் இல்லை. மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகு பதினான்கு மாதம். சிலருக்குத் தானாகவே தேறியது. அவர்கள் என்னைக் கைராசிக்காரர் என்றார்கள். தேறாதவர்கள் தங்கள் தலையெழுத்தைத் திட்டினார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை.

ஒன்பதாவது மாதம் அண்ணன் பக்கவாதம் வந்து குடோனில் விழுந்தான். மூட்டையோடு விழுந்தான். இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தான், பேச்சு குழறினாலும் புரிந்தது. விழுங்கத்தான் முடியவில்லை. மூக்கில் குழாயோடு என் அறைக்கு வந்தான்.

“யானைக்கு அடுத்து மூக்கால சாப்பிடுறவன் நான்தான்டா.”

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க,” என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பி, “ராத்திரியெல்லாம் டீ டீன்னு உசுர எடுக்குறாரு தம்பி. உங்க கைலதான் இருக்கு,” என்றார்.

அவனுக்கு நிஜமாகச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஏழாவது கேள்வியைக் கேட்டேன். வலிப்பு வந்ததே இல்லை என்றான். வளையத்தைப் படிய வைத்தேன். அவன் கால் நாற்காலியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால் ஆட்டுவானே, அந்த ஆட்டம்தான். எனக்கு லாரி டிரைவரின் கால் தெரிந்தது. சாய்த்துவிட்டேன்.

“சத்தம் மட்டும்தான்டா கேக்குது. வேற ஒண்ணும் தெரியலையே?”

“அப்படித்தான்ணே இருக்கும்.”

பத்து நாளும் அப்படித்தான்.

பத்தாம் நாள் ஸ்பீச் மேடம் தொண்டையைப் பரிசோதித்தார். விழுங்கப் பயிற்சி கொடுப்பவர் அவர். முன்னேற்றம் இல்லை, வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். அண்ணன் அதை நம்பவில்லை. மறுநாள் போன் செய்தான்.

“டேய், டீ குடிச்சேன்டா. ஒரு முழு டம்ளர். இருமல்கூட வரலை. அந்தம்மாவுக்கு என்னடா தெரியும், செஞ்சது என் தம்பி கை!”

இருமல் வராததுதான் ஆபத்து. டீ நுரையீரலுக்குள் போவது அவன் தொண்டைக்குத் தெரியவே இல்லை என்று அர்த்தம். இந்த வேலையில் முதலில் கற்றுத் தருவதே அதுதான். குடிக்காதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். சின்ன வயதிலிருந்து அவனிடம் நான் பொய் சொல்லித் தப்பித்ததே இல்லை.

“மெதுவா குடிண்ணே,” என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் இறந்தான். கடைசியில் மூச்சு சளசளவென்று கேட்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க தம்பி,” என்றார். நான் கையை எடுக்கவில்லை.

அவன் இறந்த ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். அன்றைக்கு ஏழு பேர். ஏழு பேருக்கும் சாய்த்தேன். அதன் பிறகு ஐந்து மாதம், நீங்கள் விசாரிக்க வரும் வரை.

மாட்டிவிட்டது ஒரு தையற்காரம்மா. முதல் வருடம் நிஜ சிகிச்சை எடுத்து நன்றாகத் தேறியவர், திரும்பவும் பக்கவாதம் வந்து என்னிடமே வந்தார். “முன்னாடி டக்குங்குறப்பல்லாம் விரல் துடிக்குமே, இப்ப ஏன் துடிக்கல?” என்றார். அலை நிஜமாகப் பட்டால் சிலருக்குக் கை விரலும் துடிக்கும். குணமாகிவிட்டது, அதனால்தான் என்றேன். அவர் போய் ஸ்பீச் மேடத்திடம் சொன்னார். மேடம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். என் மணிக்கட்டை மட்டும்தான் பார்த்தார்.

உங்கள் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்கிறீர்கள். சரிதான். பத்தொன்பது பேர் நிமோனியாவில் போய்விட்டார்கள் என்கிறீர்கள். அந்த வியாதியில் அப்படிப் போவது உண்டு. ஒருவர்கூட என் அறையில் சாகவில்லை. அண்ணனும் டீயை வீட்டில்தான் குடித்தான்.

நாளையிலிருந்து யார் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார்களோ, அவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ஏழாவது கேள்வியை விடக் கூடாது. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் முகத்தைப் பார்த்து வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்த லாரி டிரைவருக்குப் பிறகு நூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் கேட்டிருக்கிறேன். தாளை எடுத்துப் பாருங்கள், ஒரு இடம்கூடக் காலியாக இருக்காது. பாதுகாப்பு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.